அடிபட்டவரையும் ஆபரேஷன் ஆனவரையும் விமானத்தில் கூட்டிவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாயில் சாரத்திலிருந்து விழுந்தவர், குவைத்தில் கார் மோதி வயிற்றில் ஆபரேஷன் ஆனவர், டெல்லியில் வேலைக்குப் போன இடத்தில் தலையில் அடிபட்டவர். இப்படி ஒருவரை ஊருக்குக் கொண்டுவர முயலும் குடும்பத்தினர் போனை எடுத்ததும் கேட்பது, "எவ்வளவு ஆகும், எப்போது கிளம்பலாம்?" நியாயமான கேள்விகள்தான். ஆனால் "இன்றைக்கு இவர் பறக்கலாமா?" என்ற கேள்வி அவற்றுக்கு முன்னால் வரவேண்டும். அதனால் பணக் கேள்வியை இங்கே கடைசிப் பக்கமாகத் தள்ளியிருக்கிறேன். கீழே வரும் நாள் கணக்குகள் விமான நிறுவனங்களின் மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றுபவை. உங்கள் நோயாளியை நேரில் பார்த்த டாக்டரும், ஏற்றிச்செல்லும் நிறுவனத்தின் டாக்டரும் சொல்வதே முடிவு.

சும்மா படுத்துக்கொண்டு வருவதில் அப்படி என்ன ஆபத்து?

விமானம் 35,000 அடிக்கு மேல் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பார்கள். ஆனால் தரையில் இருக்கும் அளவுக்குக் கூட்டுவதில்லை. பெரும்பாலான பயணிகள் விமானங்களில் உள்ளே இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. ஆக, ஆபரேஷன் ஆனவரை அரை மணி நேரத்துக்குள் ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போய் நாலு மணி நேரம் அங்கே வைத்திருக்கிறோம்.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி போய்ச் சேரும்போது உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடம்புக்குள் அடைபட்ட காற்றும் அப்படித்தான். 8,000 அடியில் ஒரு லிட்டர் காற்று 1.35 லிட்டர் இடம் கேட்கும். நல்ல உடம்புக்கு அது ஒரு ஏப்பத்தோடு போய்விடும். தையல் போட்ட குடலுக்கும், காற்றுப் புகுந்த நெஞ்சுக்கும், திறந்து மூடிய மண்டைக்கும் அப்படிப் போகாது.

இரண்டாவது, ஆக்சிஜன். அந்த உயரத்தில் மூச்சு விடுவது, தரையில் 21 சதவீதத்துக்குப் பதிலாக 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றை இழுப்பதற்குச் சமம். நல்ல ஆளுக்கே சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும் சதவீதம்) 90 சொச்சத்துக்கு இறங்கும். தரையில் 92 வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறும் ஒருவருக்கு என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். இது போக, கேபின் காற்றில் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான். சளி கட்டிப்போகும், தொண்டையில் துளை போட்டவர்களுக்குக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

விலா எலும்பு உடைந்தது, நெஞ்சில் குழாய் போட்டு எடுத்துவிட்டார்கள். இப்போது வரலாமா?

எங்களுக்கு அதிகம் பயம் தரும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

உடைந்த விலா நுரையீரலைக் குத்தினால், நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் காற்று சேரும். அதை வெளியேற்றத்தான் ஐ.சி.டி. குழாய் போடுகிறார்கள். கொஞ்சம் காற்று உள்ளே மிச்சம் இருந்து, விமானம் மேலே ஏறினால் அது விரியும். விரிந்த காற்று நுரையீரலை மடக்கி, இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளலாம். பயணிகள் விமானத்தில் நடு இருக்கையில் இது நடந்தால் செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை.

நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரே காட்டிய நாளிலிருந்து குறைந்தது 7 நாள் கழித்துத்தான் சாதாரண விமானம். அடிபட்டு வந்த கேஸ் என்றால் 14 நாள் பார்க்கும் டாக்டர்கள் நிறையப் பேர். கணக்கு குழாய் எடுத்த நாளிலிருந்து அல்ல, விரிந்ததாகக் காட்டிய எக்ஸ்ரேயிலிருந்து. குடும்பத்தினர் அனுப்பும் பைலில் "எக்ஸ்ரே நார்மல்" என்று இருக்கும். தேதியைப் பார்த்தால் குழாய் எடுப்பதற்கு முன்னால் எடுத்ததாக இருக்கும். புறப்படும் முன் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் சின்ன அளவு காற்று தெரியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் கேட்பதில் தப்பே இல்லை.

ஏர் ஆம்புலன்ஸ் என்றால் கதை வேறு. குழாயோடேயே பறக்கலாம், சொல்லப்போனால் குழாய் இருப்பதுதான் நல்லது. குழாயின் மறுமுனையில் வழக்கமாக வைக்கும் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிடும் என்பதால் காற்று ஒரே பக்கம் மட்டும் போகும் ஹெய்ம்லிக் வால்வை மாட்டுவார்கள். குழாயைக் கிளாம்ப் போட்டு மூடவே கூடாது. "பறக்க வசதியாக இருக்கட்டும்" என்று புறப்படும் நாள் காலையில் குழாயை உருவிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இதைவிட ஆபத்தான உதவி கிடையாது. யாராவது அப்படிச் சொன்னால், ஏற்றிச்செல்லும் குழுவின் டாக்டரிடம் பேசிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

லேப்ராஸ்கோப்பியில் (சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) எளிதாக முடிந்தது என்றால் 4, 5 நாள். வயிற்றைத் திறந்து குடலில் வேலை பார்த்திருந்தால் 10 நாள். இதய பைபாஸுக்கும் நெஞ்சைத் திறந்த மற்ற ஆபரேஷன்களுக்கும் ஏறக்குறைய அதே 10 நாள்தான்.

நாள் கணக்கைவிட நான் நம்புவது ஒரு பழைய கேள்வியை: காற்று பிரிந்ததா? குடல் வேலை செய்ய ஆரம்பித்து, வயிறு இளகி, வாய்வழியாகச் சாப்பிட்டு வாந்தி இல்லாமல் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. வயிறு கல்போல உப்பியிருந்தால் பத்தாம் நாளானாலும் பொறுங்கள். ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய்) இருந்தால் மூடிவைக்காமல் பையோடு இணைத்துத் திறந்தே விடவேண்டும். கொலோஸ்டமி பை (வயிற்றுத் துளை வழியாக மலம் சேரும் பை) போட்டவர்கள் புறப்படும் முன் காலி செய்துவிட்டு, கொஞ்சம் பெரிய பையாக மாட்டிக்கொள்ளவும். மேலே போனதும் அதுவும் உப்பும்.

தலையில் அடி, மூளையில் ஆபரேஷன்?

மண்டையைத் திறந்து மூடும்போது உள்ளே கொஞ்சம் காற்று தங்கிவிடும். மண்டை விரிந்து கொடுக்காது, காற்று விரியும். அதனால் பயணிகள் விமானத்துக்குப் பொதுவாக 10 நாள். முன்னதாக என்றால் உள்ளே காற்று இல்லை என்று சி.டி. காட்டவேண்டும். ஏர் ஆம்புலன்ஸில் படுக்கவைக்கும்போது, முடிந்தால் தலை விமானத்தின் மூக்குப் பக்கம் இருக்குமாறு வைப்பார்கள். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது ரத்தம் தலைக்குப் பாயாமல் கால் பக்கம் போவதற்காக.

நினைவில்லாதவர்கள் எச்சில் விழுங்கிக் காதடைப்பை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விமானம் இறங்கும்போது திடீரென்று கைகாலை உதறுவார்கள், பி.பி. ஏறும். மூளையில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று கூட இருப்பவர்கள் பதறுவார்கள். பல சமயம் அது காது வலி.

கண் ஆபரேஷன்?

சாதாரண கண்புரை ஆபரேஷன் பெரிய தடையில்லை. விழித்திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வாயு செலுத்தியிருந்தால் மட்டும், அது முழுதாகக் கரையும் வரை பறக்கவே கூடாது. வாயுவின் வகையைப் பொறுத்து 2 வாரம் முதல் 6 வாரம் வரை ஆகும். விரிந்தால் பார்வையே போகலாம். இதற்கு ஏர் ஆம்புலன்ஸும் விதிவிலக்கு அல்ல, கடல்மட்ட அழுத்தத்தில் பறந்தால் ஒழிய.

காலில் மாவுக்கட்டு. டிக்கெட் போடலாமா?

கட்டுப் போட்டு 24 மணி நேரம் ஆகியிருந்தால் 2 மணி நேரத்துக்குள்ளான பயணம். அதைவிட நீண்டதற்கு 48 மணி நேரம். முன்னதாகவே போயாக வேண்டும் என்றால் கட்டை இருபுறமும் நீளவாட்டில் வெட்டிவிடச் சொல்லுங்கள். உள்ளே கால் வீங்கும்போது கட்டு இளகாது. ரத்த ஓட்டம் நின்று காலே போகக்கூடிய நிலை வரலாம். விரல்கள் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, வலி மாத்திரைக்கு அடங்காமல் வலித்தாலோ, இறங்கும் வரை பொறுக்காமல் சொல்லவேண்டும்.

காற்றடைத்த ஸ்ப்ளின்ட்டோடு (உடைந்த இடம் அசையாமல் பிடிக்கும் உறை) மேலே போகக்கூடாது. தொங்கும் எடையைக் கட்டி இழுத்துவைக்கும் டிராக்ஷனும் விமானத்தில் ஆகாது. ஒரு குலுக்கலில் எடை ஆடி எலும்பை நகர்த்திவிடும். தொடை எலும்பை ராடு போட்டோ வெளியிலிருந்து கம்பி போட்டோ நிலைப்படுத்திவிட்டுத்தான் ஏற்றுவார்கள். இன்னொன்று: அடிபட்ட கால், ஆபரேஷன், அசையாமல் நாலு மணி நேரம். மூன்றும் சேர்ந்தால் காலில் ரத்தம் கட்ட நல்ல வாய்ப்பு. ரத்தம் உறையாமல் இருக்க ஊசி வேண்டுமா என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

வாந்தி வந்தால் மூச்சு அடைக்கும். கம்பியை உடனே வெட்டும் கட்டரும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் கூடவே இருக்கவேண்டும். பாதுகாப்புச் சோதனையில் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்கவும்.

ராணுவத்தில் அடிபட்ட அன்றே வயிறு திறந்த நிலையில்கூடப் பறக்கிறார்களே, எங்களுக்கு மட்டும் ஏன் 10 நாள்?

நல்ல கேள்வி. போரில் காயம்பட்டவர்களை ஆகாய வழியாக எடுத்துவருவது புதிதல்ல. 1917இல் சினாய் பாலைவனத்தில் கணுக்காலில் சுடப்பட்ட ஒட்டகப்படை வீரர் ஒருவரை விமானத்தில் 45 நிமிடத்தில் மருத்துவமனை சேர்த்தார்கள். தரைவழி என்றால் 3 நாள். கொரியப் போரில் ஹெலிகாப்டரின் இரு பக்கமும் வெளியே ஸ்ட்ரெச்சரைக் கட்டிக்கொண்டு பறந்தார்கள். (1870இல் பாரிஸ் முற்றுகையின்போது காயம்பட்டவர்களை பலூனில் ஏற்றிப் போனார்கள் என்று பல கட்டுரைகள் சொல்லும். பலூன்கள் போனது உண்மை. போனது தபாலும் தலைவர்களும்தான், காயம்பட்டவர்கள் அல்ல.)

அமெரிக்க விமானப்படை 1994 முதல் தீவிர சிகிச்சைக் குழுக்களை வைத்திருக்கிறது: ஒரு டாக்டர், ஒரு ஐ.சி.யூ. நர்ஸ், ஒரு சுவாச சிகிச்சை நிபுணர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ரத்தக்கசிவை நிறுத்தி, வயிற்றை மூடாமலே ஜெர்மனியின் லாண்ட்ஷ்டூல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது இந்தக் குழுக்கள்தான். அதாவது ஐ.சி.யூ.வே மேலே பறந்தது. களத்துக்குப் பக்கத்தில் அவர்களை வைத்துக்கொள்ள இடமும் கிடையாது. 10 நாள் என்பது, பக்கத்தில் யாருமில்லாமல் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்து வருபவருக்கான கணக்கு. நல்ல ஆஸ்பத்திரியில் இருப்பவரை அவசரமாகக் கிளப்ப அந்த உதாரணம் உதவாது.

சாதாரண விமானத்தில் ஸ்ட்ரெச்சரா, ஏர் ஆம்புலன்ஸா?

சில விமான நிறுவனங்கள் எகானமியின் பின்பக்கத்தில் 6 முதல் 9 இருக்கைகளை மடக்கி, மேலே ஸ்ட்ரெச்சர் பொருத்தித் திரை போட்டுத் தருவார்கள். எல்லா நிறுவனமும் தராது, எல்லா ரக விமானத்திலும் பொருத்த முடியாது, இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கேட்கவேண்டும். நிலைமை நிதானமாக இருந்து, படுத்தே வரவேண்டிய கட்டாயம் மட்டும் இருப்பவருக்கு இது போதும். கூட டாக்டரோ நர்ஸோ வரவேண்டும். சொந்த ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்து வரவிட மாட்டார்கள். நிறுவனமே தரும் சிலிண்டரோ, காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், அங்கீகாரம் பெற்ற கையடக்க கான்சென்ட்ரேட்டரோதான்.

வென்டிலேட்டரில் இருப்பவர், பி.பி.யைத் தாங்கிப் பிடிக்க மருந்து ஓடிக்கொண்டிருப்பவர், எப்போது வேண்டுமானாலும் மோசமாகலாம் என்ற நிலையில் இருப்பவர்: இவர்களுக்கு ஏர் ஆம்புலன்ஸ். நடுவில் இருப்பவர்களுக்கு மருத்துவத் துணையோடு பிசினஸ் கிளாஸ் இருக்கை பல நேரம் போதும். ஏர் ஆம்புலன்ஸ்தான் உசத்தி என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள்.

ஏர் ஆம்புலன்ஸ் என்றால் உள்ளே பெரிய ஐ.சி.யூ. மாதிரி இருக்குமா?

இருக்காது. உள்நாட்டில் அதிகம் ஓடும் கிங் ஏர் போன்ற சின்ன விமானத்தில் நிமிர்ந்து நிற்க முடியாது. டாக்டர் ஒரு பக்கம் முழங்காலிலோ, ஒடுங்கிய இருக்கையிலோ இருப்பார். நோயாளியின் மறுபக்கம் விமானத்தின் சுவர், அந்தக் கைக்கு எட்டவே முடியாது. என்ஜின் சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் காதில் வைத்தும் பயனில்லை. மானிட்டர் அலாரம் கேட்காது, கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே செய்யவேண்டியதை எல்லாம் தரையில் செய்துவிடுவார்கள். கையில் இரண்டு ஊசிக் குழாய்கள், அவை ஓடுகின்றனவா என்ற சோதனை, மூச்சு சந்தேகமாக இருந்தால் முன்கூட்டியே ஈ.டி. ட்யூப் (வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் போடும் குழாய்). மருத்துவமனையில் குழு வந்து ஒன்றரை மணி நேரம் "ஏதோ செய்துகொண்டே" இருந்தால் எரிச்சல் படாதீர்கள். அந்த நேரம்தான் பயணத்தின் முக்கியமான பகுதி.

ஈ.டி. ட்யூபின் நுனியில் இருக்கும் சின்ன பலூனிலும் காற்றுதான். மேலே ஏறும்போது அது விரிந்து மூச்சுக்குழாய்ச் சுவரை நசுக்கும், இறங்கும்போது சுருங்கிக் கசியும். அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டர் வைத்து அளப்பார்கள், அல்லது காற்றுக்குப் பதில் சலைன் (உப்புநீர்) நிரப்புவார்கள். டிரிப்ஸ் கண்ணாடி பாட்டிலில் வேண்டாம், பிளாஸ்டிக் பை போதும். அதுவும் தொங்கவிடாமல் பம்ப் வழியாக.

ஆக்சிஜன் எவ்வளவு வேண்டும்?

ஏற்பாடு செய்பவரிடம் கட்டாயம் கேளுங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் எடுப்பவர், துபாயிலிருந்து திருச்சிக்கு 4 மணி நேரம் என்றால் 1,440 லிட்டர். ஒரு பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும், சரியாகப் போச்சு என்று தோன்றும். ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து ஆம்புலன்ஸ், விமான நிலையக் காத்திருப்பு, இமிக்ரேஷன், இங்கே இறங்கி மறுபடி ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்த்தால் 7 மணி நேரம். அது 2,520 லிட்டர். வானிலை மோசமாகி வேறு ஊரில் இறக்கினால்? அதனால் கணக்கைப் போல இரு மடங்கு எடுத்துப்போவதுதான் வழக்கம். வென்டிலேட்டர் பேட்டரிக்கும் இதே கணக்கு.

விமானத்தைத் தாழ்வாகப் பறக்கச் சொல்ல முடியுமா?

ஏர் ஆம்புலன்ஸில் முடியும். கேபினுக்குள் கடல்மட்ட அழுத்தத்தையே வைத்துப் பறப்பதுண்டு. மண்டைக்குள் காற்று, வடிக்க முடியாத நெஞ்சுக் காற்று போன்றவற்றுக்கு. விலை என்னவென்றால் தாழ்வான உயரத்தில் எரிபொருள் அதிகம் குடிக்கும், தூரம் குறையும், நடுவில் எரிபொருள் நிரப்ப இறங்கவேண்டி வரலாம், குலுக்கலும் கூடும்.

ஹெலிகாப்டர்?

சமவெளியில் தாழ்வாகப் பறப்பதால் காற்று விரியும் பிரச்சினை குறைவு. அதிர்வும் சத்தமும் இடநெருக்கடியும் அதிகம். ரிஷிகேஷ் எய்ம்ஸ் 2024 அக்டோபரில் ஹெலி ஆம்புலன்ஸ் தொடங்கியது. 2025 மே மாதம் அது கேதார்நாத்தில் இறங்கும்போது வால் உடைந்தது, உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். மலையில் இறங்குவது அவ்வளவு எளிதல்ல.

விமானி வரமாட்டேன் என்றால் கெஞ்சாதீர்கள். பல சேவைகளில் நோயாளி குழந்தையா, எவ்வளவு மோசம் என்பதையே விமானியிடம் சொல்லமாட்டார்கள். இரக்கப்பட்டு மோசமான வானிலையில் கிளம்பிவிடக்கூடாது என்பதற்காகத்தான். பார்க்கக் கல்நெஞ்சம் மாதிரி இருக்கும். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த விதி அது.

சரி, எவ்வளவு ஆகும்?

தூரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விமானம் தன் ஊரிலிருந்து காலியாக வந்து, காலியாகத் திரும்பும் செலவும் உங்கள் தலையில்தான். விலை கேட்கும்போது "படுக்கையிலிருந்து படுக்கை வரை" என்று கேளுங்கள். இரு பக்கத்து ஆம்புலன்ஸ், தரையிறங்கும் கட்டணம், குழு, மருந்து, ஆக்சிஜன் எல்லாம் அதில் வருகிறதா? டாக்டர் யார், ஐ.சி.யூ. அனுபவம் உண்டா? வளைகுடாவில் வேலை பார்ப்பவர் என்றால் முதலில் கம்பெனி, அப்புறம் இன்சூரன்ஸ். இரண்டும் கைவிட்டால் இந்தியத் தூதரகத்தில் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. வசதியற்றவர்களுக்கு அவசர மருத்துவச் செலவு, ஊர் திரும்பும் டிக்கெட் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

என்ன காகிதங்கள் வேண்டும்?

டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஸ்கேன் படங்கள், விமான நிறுவனத்தின் மெடிஃப் படிவம் (நோயாளியின் நிலையை டாக்டர் எழுதித் தருவது), பறக்கத் தகுதி உண்டு என்னும் ஃபிட் டு ஃப்ளை சான்றிதழ், இங்கே படுக்கை தயார் என்று எந்த ஆஸ்பத்திரி ஏற்றுக்கொள்கிறதோ அவர்களின் கடிதம். கடைசியில் சொன்னதைத்தான் மறந்துவிடுகிறார்கள். டிரமடால், மார்பின் போன்ற வலி மருந்துகளுக்கு வளைகுடா நாடுகளில் கெடுபிடி அதிகம். மருந்துச் சீட்டின் அசல் கையில் இருக்கட்டும்.

சான்றிதழ் இருந்தும் விமான நிலையத்தில் ஏற்ற மறுத்தால்?

மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. கவுண்டரில் நோயாளி மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலில் நடுங்கினாலோ, காயக்கட்டு ரத்தத்தில் நனைந்திருந்தாலோ காகிதம் எடுபடாது. ரத்தக்கசிவு நின்று ஒரு நாளாவது ஆகி, ஹீமோகுளோபின் மறுபடி பார்த்திருக்கவேண்டும் என்பதும் இதனால்தான். சான்றிதழ் கொடுத்த டாக்டரின் போன் எண்ணை வைத்திருங்கள்; விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு அவரிடம் நேராகப் பேசினால் சில சமயம் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் நோயாளியைத் திரும்பக் கூட்டிப்போக ஆம்புலன்ஸ் வேண்டும். அதனால் வந்த ஆம்புலன்ஸை, விமானம் கிளம்பியது என்று தெரியும் வரை அனுப்பிவிடாதீர்கள்.